இயந்திரக் கற்றல் படிமுறைகள்: வகைகளும் வரலாறும்

இயந்திரக் கற்றல் என்பது, ஒரு வேலைக்கான விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்காமல், எடுத்துக்காட்டுகளிலிருந்து அவற்றைத் தானே வகுத்துக்கொள்ளும்படி கணினியை அமைக்கும் துறையாகும். இதற்குக் கையாளப்படும் கணக்கு வழிகளே படிமுறைகள். அல்காரிதம் என்று கணினியாளர் சொல்வதும் இவற்றைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கையால் எழுதிய 7 என்ற எண்ணைக் கணினி அடையாளம் காண வேண்டும். "மேலே ஒரு கிடைக்கோடு, அதன் வலப்பக்க நுனியிலிருந்து கீழே ஒரு சாய்கோடு" என்று விதி எழுதலாம். ஆனால் சிலர் நடுவில் ஒரு சிறு கோடு இடுவார்கள். சிலர் எழுதும் 7, ஒன்று போலவே இருக்கும். நூறு விதிகள் எழுதினாலும் நூற்றியோராவது கையெழுத்து நம்மை ஏமாற்றிவிடும். ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைக் காட்டி, ஒவ்வொன்றும் என்ன எண் என்பதையும் சொல்லி, வேறுபாட்டைக் கணினியே கண்டுகொள்ளச் செய்வது மாற்று வழி. இந்த மாற்று வழியின் வரலாறு கணினியைவிடப் பழையது. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் வானியலாளர்களின் கணக்கேடுகளில் அது தொடங்குகிறது.

மூன்று வகைகள்

இயந்திரக் கற்றல் படிமுறைகளை மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரிப்பது வழக்கம். பிரிவுகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, "சரியான விடையை யார் சொல்கிறார்கள்?" என்ற ஒரே கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, மேற்பார்வையுள்ள கற்றல். இங்கே ஒவ்வொரு எடுத்துக்காட்டுடனும் சரியான விடை சேர்த்தே கொடுக்கப்படுகிறது. விடைக்குறிப்புடன் பயிற்சி செய்யும் மாணவனைப் போன்றது இது.

இரண்டாவது, மேற்பார்வையற்ற கற்றல். இங்கே விடை கிடையாது. தரவு மட்டுமே உண்டு. அதற்குள் எவை எவை ஒன்றுபோல் இருக்கின்றன என்பதைப் படிமுறை தானே தேட வேண்டும்.

மூன்றாவது, வலுவூட்டல் கற்றல். இங்கே விடையைச் சொல்வார் இல்லை. ஆனால் செய்த செயலுக்குப் பரிசோ தண்டனையோ கிடைக்கிறது. சைக்கிள் ஓட்டப் பழகும் குழந்தையை யாரும் "இப்போது கைப்பிடியை மூன்று பாகை திருப்பு" என்று சொல்லித் தருவதில்லை. விழுந்தால் வலிக்கும், விழாவிட்டால் வண்டி ஓடும், அவ்வளவே பாடம்.

மீச்சிறு வர்க்க முறை

1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் பியாஸ்ஸி என்ற வானியலாளர் சீரஸ் என்னும் சிறுகோளைக் கண்டார். சுமார் 40 நாட்கள் கண்காணித்த பின் அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. சில வாரக் கண்காணிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அது மீண்டும் எங்கே தோன்றும் என்று சொல்ல வேண்டியிருந்தது. இருபத்து நான்கு வயதான ஜெர்மானியக் கணிதர் காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டுக் கூறினார். அவர் சுட்டிய இடத்திற்கு அருகிலேயே, அந்த ஆண்டின் கடைசி நாளில் சீரஸ் மீண்டும் காணப்பட்டது.

பிழையுள்ள அளவீடுகளிலிருந்து நம்பத்தக்க விதியைப் பெறுவது எப்படி என்பதே அக்கால வானியலாளர்களின் சிக்கல். இதற்கான மீச்சிறு வர்க்க முறையை 1805 இல், வால்மீன்களின் பாதை பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில், பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் முதலில் அச்சில் வெளியிட்டார். 1809 இல் அதே முறையை வெளியிட்ட காஸ், தாம் 1795 முதலே அதைப் பயன்படுத்தி வருவதாக எழுதினார். இதனால் இருவருக்குமிடையே கசப்பு ஏற்பட்டது.

இம்முறையைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். நாள்தோறும் 1, 2, 3 மணி நேரம் படிக்கும் மூன்று மாணவர்கள் முறையே 40, 50, 66 மதிப்பெண்கள் பெற்றதாகக் கொள்வோம். மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமையவில்லை. முதல் புள்ளியையும் மூன்றாம் புள்ளியையும் இணைத்து ஒரு கோடு வரைந்தால், அது 40, 53, 66 என்று சொல்லும். பிழைகள் 0, 3, 0. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 9. மாறாக, 26 உடன் மணிக்கு 13 வீதம் கூட்டும் கோட்டை எடுத்தால், அது 39, 52, 65 என்று சொல்லும். பிழைகள் 1, 2, 1. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6. இதைவிடக் குறைந்த கூட்டுத்தொகை தரும் நேர்கோடு வேறில்லை. ஆகவே இதுவே பொருத்தமான கோடு.

4 மணி நேரம் படிப்பவருக்கு இக்கோடு 78 என்று கணிக்கிறது. ஏற்கத்தக்க விடைதான். 10 மணி நேரம் படிப்பவருக்கோ 156 என்கிறது. நூற்றுக்கு 156 எங்கே கிடைக்கும்? பார்த்த எடுத்துக்காட்டுகளின் எல்லைக்கு வெளியே போனால் எந்தப் படிமுறையும் தடுமாறும் என்பதை இந்த மூன்று புள்ளிக் கணக்கே காட்டிவிடுகிறது.

உயரமும் மலரும்

இத்தகைய கணக்கை மனிதர்களை நோக்கித் திருப்பியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். பெற்றோரின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு 1886 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குறைந்த உயரத்தையும், மிகக் குள்ளமானோரின் பிள்ளைகள் சற்றுக் கூடிய உயரத்தையும் பெற்றிருந்தனர். நடுவை நோக்கித் திரும்பும் இப்போக்கிற்கு அவர் இட்ட பெயரே, நம் பாடநூல்களில் தொடர்புப் போக்கு என்று வழங்கும் கணக்கு முறையின் ஆங்கிலப் பெயராக நிலைத்துவிட்டது.

எண்ணைக் கணிப்பது ஒரு வேலை. வகையைச் சொல்வது இன்னொரு வேலை. முன்னதைத் தொடர்புப் போக்கு என்றும் பின்னதை வகைப்படுத்தல் என்றும் சொல்வர். 1936 இல் ரொனால்ட் ஃபிஷர் வகைப்படுத்தலுக்கு ஒரு முறை வகுத்தார். எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் திரட்டியிருந்த 150 ஐரிஸ் மலர்களின் அளவுகளை அதற்குப் பயன்படுத்தினார். மூன்று இனங்கள், இனத்துக்கு 50 மலர்கள், மலருக்கு நான்கு அளவுகள்: புல்லி இதழின் நீளமும் அகலமும், அல்லி இதழின் நீளமும் அகலமும். இன்றும் இயந்திரக் கற்றல் பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் சந்திப்பது இந்த 150 மலர்களைத்தான்.

அந்தக் கட்டுரை வெளியான இதழின் பெயர் 'அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்'. யூஜெனிக்ஸ் என்பது, மனிதருள் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று தரம் பிரித்து, இன்னார்தான் பிள்ளை பெறலாம் என்று முடிவு செய்ய முயன்ற கொள்கை. அதற்குப் பெயரிட்டவரே கால்ட்டன்தான். அவ்விதழை 1925 இல் தொடங்கிய கார்ல் பியர்சனும் ஃபிஷரும் அக்கொள்கையினரே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2020 இல் தன் கட்டடங்களிலிருந்து கால்ட்டன், பியர்சன் பெயர்களை நீக்கியது. அவர்கள் கண்ட கணக்கு முறைகள் சரியானவை, எனவே நிலைத்தன. ஆனால் மனிதரை அளந்து வகைப்படுத்தும் வேலை தொடக்கத்திலிருந்தே வெறும் கணக்காக மட்டும் இருந்ததில்லை என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அண்டை வீட்டாரும் கேள்வி மரமும்

வகைப்படுத்தும் படிமுறைகளுள் மிக எளியது அண்மை அயலவர் முறை. புதிய பொருள் ஒன்று வந்தால், ஏற்கெனவே அறிந்த பொருள்களுள் அதற்கு மிக நெருக்கமானவை எவை என்று பார்த்து, அவற்றுள் பெரும்பான்மை எந்த வகையோ அதையே புதியதற்கும் சூட்டிவிடுவது. 1951 இல் ஃபிக்ஸ், ஹாட்ஜஸ் என்ற இருவர் அமெரிக்க விமானப்படையின் மருத்துவப் பள்ளிக்கு எழுதிய அறிக்கையில் இது இடம்பெற்றது. 1967 இல் கவர், ஹார்ட் என்போர் வியப்பான ஒரு முடிவை நிறுவினர். எடுத்துக்காட்டுகள் போதிய அளவு பெருகும்போது, மிக அண்மையிலுள்ள ஒரே அயலவரை மட்டும் கேட்டு முடிவெடுத்தாலும், அம்முறையின் பிழை இயன்றவரையிலான மிகக் குறைந்த பிழையின் இரு மடங்கைத் தாண்டாது.

இன்னொன்று முடிவெடுப்பு மரம். "காய்ச்சல் உண்டா? உண்டெனில், எத்தனை நாட்களாக?" என்று மருத்துவர் அடுத்தடுத்துக் கேட்டு ஒரு முடிவுக்கு வருவதுபோல, கேள்விகள் கிளைவிட்டுச் செல்லும் அமைப்பு இது. எந்தக் கேள்வியை முதலில் கேட்டால் குழப்பம் மிகுதியாகக் குறையும் என்பதைத் தரவிலிருந்தே படிமுறை கண்டுபிடிக்கும். 1984 இல் லியோ பிரைமனும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் இது பற்றி எழுதிய நூலும், ஆஸ்திரேலியாவின் ராஸ் குவின்லன் 1986 இல் வெளியிட்ட கட்டுரையும் இத்துறையின் மைல்கற்கள். முடிவுக்கான காரணத்தைப் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பது மரத்தின் சிறப்பு. ஒரே மரம் தவறலாம் என்பதால், சற்றே வேறுபட்ட பல மரங்களை வளர்த்து வாக்கெடுக்கும் 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்ற காட்டு முறையைப் பிரைமன் 2001 இல் விரிவாக வெளியிட்டார்.

நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்ட பேய்ஸ் முறையும் இவ்வகையே. தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் மறைந்த பின், 1763 இல் அவருடைய நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் வழியாக வெளிவந்த கட்டுரையே இதன் வேர். 1990களின் இறுதியில் வேண்டாத மின்னஞ்சல்களைப் பிரித்தெடுக்க இம்முறை பெரிதும் உதவியது. "பரிசு", "இலவசம்" போன்ற சொற்கள் குப்பை மின்னஞ்சலில் எத்தனை முறை வருகின்றன, நல்ல மின்னஞ்சலில் எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கையே இங்கு பாடம்.

பெர்செப்ட்ரான்: ஏற்றமும் இறக்கமும்

மூளையின் நரம்பணுவைப் போல ஒரு கணக்கு அலகைச் செய்யலாம் என்று 1943 இல் மெக்கலக்கும் பிட்ஸும் எழுதினர். அதைக் கற்கும் இயந்திரமாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் பிராங்க் ரோசன்பிளாட். அவருடைய பெர்செப்ட்ரான் 1958 ஜூலையில் செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்டது. இடப்பக்கம் குறியிட்ட அட்டை எது, வலப்பக்கம் குறியிட்ட அட்டை எது என்பதை அது சுமார் 50 முயற்சிகளில் கற்றுக்கொண்டது. பின்னர் அவர் 400 ஒளி உணர்விகள் கொண்ட தனி இயந்திரத்தையும் அமைத்தார். அது கற்ற விதம் எளியது. விடை சரியென்றால் ஒன்றும் மாற்றாதே. தவறென்றால், அந்தத் தவற்றுக்குக் காரணமான இணைப்புகளின் எடையைச் சிறிது கூட்டு அல்லது குறை. நடக்கும், பேசும், தன்னைத் தானே உணரும் இயந்திரம் வரப்போகிறது என்று செய்தித்தாள் எழுதிவிட்டது.

1969 இல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் 'பெர்செப்ட்ரான்ஸ்' என்ற நூலில் அதன் எல்லைகளைக் கணித வழியில் காட்டினர். நம் வீட்டு மாடிப்படி விளக்கைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் விளக்கு எரியாது. வேறு வேறு நிலையில் இருந்தால் எரியும் என்று வைத்துக்கொள்வோம். இந்த நான்கு நிலைகளையும் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் குறித்தால், எரியும் மூலைகள் இரண்டும் எதிரெதிரே அமையும், எரியாதவையும் அப்படியே. ஒரே நேர்கோடு போட்டு இவற்றைப் பிரிக்க முடியுமா? முடியாது. ஒற்றை அடுக்குப் பெர்செப்ட்ரானுக்கோ நேர்கோட்டைத் தவிர வேறு கருவி இல்லை.

இதன் பின் நரம்பு வலையமைப்பு ஆய்வுக்கான ஆதரவு வற்றியது. ரோசன்பிளாட் 1971 இல், தமது 43 ஆவது பிறந்த நாளன்று படகு விபத்தில் இறந்தார். தம் கருத்து மீண்டும் எழுந்ததை அவர் காணவில்லை. பல அடுக்குகள் அமைத்தால் மாடிப்படி விளக்கின் சிக்கல் தீரும். ஆனால் நடு அடுக்கிலுள்ள இணைப்புகளுள் தவற்றுக்கு எது எவ்வளவு பொறுப்பு என்று எப்படிக் கணக்கிடுவது? விடையில் கண்ட பிழையைக் கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கிப் பகிர்ந்தளிக்கும் பின்பரவல் முறை இதற்கு விடையாயிற்று. பால் வெர்போஸ் போன்றோர் 1970களிலேயே இதன் அடிப்படையை எழுதியிருந்தாலும், 1986 இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோரின் கட்டுரைக்குப் பிறகே இது பரவியது. 1989 இல் யான் லகூனும் அவர் குழுவினரும் அஞ்சல் குறியீட்டு எண்களின் கையெழுத்தை இம்முறையால் கணினிக்குப் படிக்கக் கற்பித்தனர். கட்டுரையின் தொடக்கத்தில் நாம் எடுத்துக்கொண்ட சிக்கல் இதுவே.

இதற்கிடையே மாஸ்கோவில் வாப்னிக்கும் செர்வோனென்கிஸும் 1960களில் வேறு பாதையில் சென்றனர். இரு வகைகளைப் பிரிக்கும் கோடுகள் பல இருக்கலாம். அவற்றுள் இரு பக்கமும் மிக அகலமான இடைவெளி விடும் கோடே நம்பத்தக்கது என்றனர். இரண்டு வயல்களுக்கு நடுவே இயன்றவரை அகலமான வரப்பு போடுவது போன்றது இது. வாப்னிக் அமெரிக்காவுக்குச் சென்ற பின், 1992 இலும் 1995 இலும் வெளியான கட்டுரைகளால் 'சப்போர்ட் வெக்டர் மெஷின்' என்ற பெயரில் இது புகழ்பெற்றது.

விடை இல்லாத பாடம்

மேற்பார்வையற்ற கற்றலுக்கு இரு முதன்மையான வேலைகள் உண்டு: தரவைச் சுருக்குதல், கொத்துகளாகப் பிரித்தல்.

சுருக்கும் வேலைக்கு 1901 இல் கார்ல் பியர்சன் வழி கண்டார். அதை 1933 இல் ஹோட்டலிங் விரித்து முதன்மைக் கூறுப் பகுப்பாய்வாக வளர்த்தார். ஒரு தேங்காயின் நிழலைச் சுவரில் விழச்செய்தால் எப்பக்கம் திருப்பினாலும் ஏறத்தாழ வட்டமே தெரியும். ஒரு குடையை அவ்வாறு திருப்பினாலோ, ஒரு கோணத்தில் மட்டுமே அது குடை என்று தெரியும். பல அளவுகள் கொண்ட தரவின் நிழலை, அதன் வேறுபாடுகள் மிகத் தெளிவாகத் தெரியும் கோணத்தில் விழச்செய்வதே இம்முறை.

பிரிக்கும் வேலைக்குப் புகழ்பெற்றது கே-சராசரி முறை. தொலைபேசிக் குறிகைகளைச் சுருக்கி அனுப்பும் சிக்கலுக்காக 1957 இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாய்டு இதை எழுதினார். ஆனால் இதழில் அது 1982 இல்தான் வெளியானது. அதற்குள் 1967 இல் ஜேம்ஸ் மெக்குயின் இதற்குப் பெயரே சூட்டிவிட்டார். செயல்படும் விதத்தைக் கையாலேயே செய்து பார்க்கலாம். 12, 15, 18, 70, 75, 80 என்ற மதிப்பெண்களை இரு கொத்துகளாகப் பிரிக்க வேண்டும். தொடக்க மையங்களாக வேண்டுமென்றே பொருந்தாத 12, 15 ஆகியவற்றை எடுப்போம். 12 தனியாக நிற்கிறது. மற்ற ஐந்தும் 15 இன் பக்கம் சேர்கின்றன. அவ்வைந்தின் சராசரி 51.6. இப்போது மையங்கள் 12, 51.6. மீண்டும் பிரித்தால் 15, 18 இரண்டும் 12 இன் பக்கம் வந்துவிடுகின்றன. புதிய சராசரிகள் 15, 75. மறுபடியும் பிரித்தால் எதுவும் இடம் மாறவில்லை. வேலை முடிந்தது. எது தேர்ச்சி, எது தோல்வி என்று நாம் சொல்லவே இல்லை. ஆயினும் பிரிவு தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு கொத்துகள் வேண்டும் என்று சொன்னவர் நாமே என்பதை மறக்கலாகாது.

எது எதற்கு அருகில் என்ற கேள்விக்கு இந்தியாவிலிருந்து ஒரு முக்கியமான பங்களிப்பு உண்டு. கொல்கத்தாவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், அந்நகரத்து ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராயத் தொடங்கிப் புள்ளியியலுக்குள் நுழைந்தவர். 1931 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். உயரமும் எடையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், இரண்டையும் தனித்தனியாக எண்ணித் தொலைவைக் கணக்கிடுவது பிழை. அத்தொடர்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவர் கண்டது. 1936 இல் அவர் வெளியிட்ட அளவை இன்று உலகெங்கும் மகலனோபிஸ் தொலைவு என்ற பெயரிலேயே வழங்குகிறது.

பரிசும் தண்டனையும்

பலன் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்று அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் பூனைகளைக் கொண்டு காட்டினார். ஆலன் டியூரிங் 1950 இல் எழுதிய கட்டுரையில், வளர்ந்த மனிதனின் அறிவை இயந்திரத்தில் புகுத்த முயல்வதைவிட, ஒரு குழந்தையின் மனத்தைப் போன்ற இயந்திரத்தை உருவாக்கி அதற்குக் கல்வி புகட்டலாமே என்று கேட்டார். பரிசும் தண்டனையும் அக்கல்வியின் ஒரு பகுதி. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் சாமுவேல், செக்கர்ஸ் ஆட்டத்தைத் தன்னோடு தானே ஆடித் தேர்ச்சி பெறும் நிரலை எழுதினார். 1959 இல் வெளியான அவருடைய கட்டுரையே இயந்திரக் கற்றல் என்ற தொடரைப் பரப்பியது.

இவ்வகையை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் மிச்சியின் தீப்பெட்டி இயந்திரத்தைவிட நல்ல பாடக்கருவி இல்லை. 1961 இல் அவர் கணினியே இல்லாமல், 304 தீப்பெட்டிகளைக் கொண்டு டிக்-டாக்-டோ ஆடும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு பெட்டியும் ஆட்டத்தின் ஒரு நிலை. பெட்டிக்குள் பல நிற மணிகள். ஒவ்வொரு நிறமும் ஒரு கட்டத்தைக் குறிக்கும். பெட்டியைக் குலுக்கினால் எந்த மணி முன்னே வருகிறதோ அந்தக் கட்டத்தில் ஆட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கணக்குத் தீர்க்கப்படும். இயந்திரம் தோற்றால், பயன்படுத்திய மணிகள் பறிக்கப்படும். சமமாக முடிந்தால், அந்தந்தப் பெட்டியில் அதே நிற மணி ஒன்று கூடுதலாக இடப்படும். வென்றால் மூன்று. ஆட ஆட, தோல்வி தரும் மணிகள் குறைந்து, நல்ல மணிகள் பெருகும். மிச்சி அதனுடன் 220 ஆட்டங்கள் ஆடினார். நாளடைவில் அதை வெல்வது அவருக்கே கடினமாயிற்று. தீப்பெட்டிக்கு மூளை ஏது? அறிவு பெட்டியில் இல்லை, மணிகளின் விகிதத்தில் இருக்கிறது. இன்றைய பெரும் இயந்திரங்களில் மணிகளுக்குப் பதில் எண்கள், அவ்வளவே.

பல அடிகளுக்குப் பின் கிடைக்கும் வெற்றிக்கு எந்த அடி காரணம் என்பதே இவ்வகையின் மையச் சிக்கல். ரிச்சர்ட் பெல்மன் 1950களில் இதற்கான கணித அடிப்படையை அமைத்தார். 1980களில் ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் இதைத் தனித் துறையாக வளர்த்தனர். 1989 இல் கிறிஸ் வாட்கின்ஸ் தம் ஆய்வேட்டில் கியூ-கற்றல் என்ற படிமுறையை அளித்தார். 2016 மார்ச்சில் சியோல் நகரில் ஆல்ஃபாகோ நிரல், கோ ஆட்டத்தின் முன்னணி வீரர் லீ செடோலை 4-1 என்ற கணக்கில் வென்றது. 2024 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது பார்ட்டோவுக்கும் சட்டனுக்கும் வழங்கப்பட்டது. அதே ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு, நரம்பு வலையமைப்புப் பணிகளுக்காக ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் கிடைத்தது.

எல்லைகள் மங்கும் காலம்

2009 இல் ஃபெய்-ஃபெய் லீயும் குழுவினரும் இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பை வெளியிட்டனர். அதில் இருந்த லட்சக்கணக்கான படங்களுக்குப் பெயர் சூட்டியவர்கள், இணையம் வழியாகச் சிறு கூலிக்கு வேலை செய்த பல நாட்டு மக்கள். அதை ஒட்டிய 2012 ஆம் ஆண்டுப் போட்டியில் ஹின்டனும் அவர் மாணவர்கள் இருவரும் அமைத்த பல அடுக்கு வலையமைப்பு 15.3 விழுக்காட்டுப் பிழையுடன் முதலிடம் பெற்றது. அடுத்த இடத்தின் பிழை 26.2 விழுக்காடு. ஆழ் கற்றலின் காலம் அங்கே தொடங்கியது எனலாம். இயந்திரம் வென்றது என்று செய்தி வந்தது. விடைக்குறிப்பு எழுதியவர்களின் பெயர் எங்கும் வரவில்லை.

மனிதர் பெயரிட்டு முடியாத அளவு தரவு பெருகியதும், தரவையே விடையாக்கும் வழி வளர்ந்தது. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்துவிட்டு, அது என்ன என்று கேட்டால் போதும். கோடிட்ட இடத்தை நிரப்புக என்ற நம் பழைய தேர்வு வினாதான் அது. விடை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. இதைத் தன்-மேற்பார்வைக் கற்றல் என்பர். 2017 இல் வெளியான டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்புடன் இது சேர்ந்ததும் இன்றைய மொழி மாதிரிகள் பிறந்தன. அவற்றின் பதில்களை மனிதர்கள் ஒப்பிட்டுத் தரம் சொல்ல, வலுவூட்டல் கற்றலால் அவை மேலும் திருத்தப்படுகின்றன. இவ்வாறு ஒரே இயந்திரத்துக்குள் வகைகள் கலந்துவிட்டன.

இம்முறையில் ஒரு மொழியைக் கற்பது, அம்மொழியில் எழுதப்பட்டுக் கிடைக்கும் உரையைப் பொறுத்தது. இணையத்தில் ஆங்கில உரை மலையளவு. தமிழ் உரை அதனோடு ஒப்பிட மிகச் சிறிது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கியது. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. இத்தகைய பணிகள் சேர்த்த உரையும் சேர்ந்தே இயந்திரங்களின் தமிழ்ப் பாடநூல் ஆகிறது.

மனப்பாடமும் பாடத்திட்டமும்

இவ்வரலாறு முழுவதும் இரு எச்சரிக்கைகள் தொடர்ந்து வருகின்றன. இரண்டும் ஆசிரியர்களுக்குப் பழக்கமானவையே.

முதலாவது, மனப்பாடம். பயிற்சிக் கணக்குகளை எண் மாறாமல் ஒப்பிக்கும் மாணவன், எண்ணை மாற்றிக் கேட்டால் திகைத்து நிற்பான். படிமுறைகளுக்கும் இந்நோய் உண்டு. மிகைப்பொருத்தம் என்பது அதன் பெயர். இதனால்தான் தரவில் ஒரு பகுதியைப் பயிற்சியின்போது காட்டாமல் ஒதுக்கி வைத்து, பின்னர் அதைக் கொண்டு சோதிக்கிறார்கள். கையெழுத்து எண்களின் புகழ்பெற்ற தொகுப்பான எம்னிஸ்டில் 60,000 படங்கள் பயிற்சிக்கு, 10,000 படங்கள் தேர்வுக்கு. வினாத்தாள் முன்பே கசிந்துவிட்டால் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை என்பது இங்கும் பொருந்தும்.

இரண்டாவது, பாடத்திட்டம். எதைக் காட்டுகிறோமோ அதையே இயந்திரம் கற்கும். 2018 இல் ஜாய் பூலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவர், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகப்படியாக 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை சென்றது. இத்தகைய மென்பொருள்களைப் பயிற்றவும் மதிப்பிடவும் பயன்பட்ட படத்தொகுப்புகளில் வெளிர்நிற முகங்களே மிகுதி என்பதையும் அவர்கள் சுட்டினர். படிமுறைக்கு வஞ்சம் இல்லை. ஆனால் யாருடைய முகம் பாடநூலில் இல்லையோ, அவர்களுக்கு அது தவறான விடையைத் துணிவோடு சொல்கிறது. கடன் தரலாமா, வேலைக்கு எடுக்கலாமா, காவல்துறை தேடும் ஆள் இவர்தானா என்ற முடிவுகளை இத்தகைய மென்பொருள்களிடம் விடும்போது, அந்தத் தவற்றைச் சுமப்பவர் மனிதரே.

ஆகவே ஒரு படிமுறையைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள், அது எப்படிக் கணக்கிடுகிறது என்பதோடு நின்றுவிடாமல் மேலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். அதற்கு விடை சொன்னவர் யார்? அது பார்த்த எடுத்துக்காட்டுகளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? அது தவறினால் இழப்பு யாருக்கு? மகலனோபிஸ் தொலைவையும் பின்பரவலையும் பின்னர் கல்லூரியில் கற்றுக்கொள்ளலாம். இக்கேள்விகளைக் கேட்க எந்த வகுப்பும் தடையில்லை.